தோட்டத்து இடுகாடு

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களும் காலியாயின. நம் முன்னோர் மட்டும் புதர் மண்டிய இடுகாட்டிலேயே இருக்கிறார்கள். 1910இல் ஒழிந்த ஒப்பந்த முறையிலும், 1938இல் நின்ற கங்காணி முறையிலும் கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். காடழித்த நாளில் மலேரியாவுக்குப் பலியானோர் பலர். 1942-43இல் சயாம் ரயில் பாதைக்குப் போய் மாண்டவர்களுக்கோ இங்கே ஒரு மண்மேடுகூட இல்லை.

பெயர் பொறிக்காத குழிக்குப் பெரியவர்களின் நினைவே சாட்சி. ஆகவே, முதலில் பாட்டியை அழைத்துப்போய், யார் எங்கே என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வோம். தலைமாட்டுக் கல்லும் செடியும் அடையாளமாக இருக்கலாம். அது தெரிந்த பிறகே பாராங்கத்தியை எடுப்போம்.