பெல்ட் எப்போது என்று கேட்காதீர்கள்

திண்டுக்கல்லில் கம்புப் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "பிளாக் பெல்ட் எப்போது?" என்பதுதான். ஒகினாவாவின் ஆயுதக் கலையான கொபுடோவில் பிளாக் பெல்ட்டின் முதல் படிக்கு 'ஷோடான்' என்று பெயர். தொடக்கப் படி என்று பொருள். அதற்கு மேலும் படிகள் உண்டு.

நம் சிலம்பத்தின் பழைய மரபில் பெல்ட்டே கிடையாது. அடிவரிசையும் ஆசானின் சொல்லும்தான். அந்தச் சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது.

தேர்வில் தவறிய என் பேரனிடம் நான் பெல்ட்டைப் பற்றியே கேட்டேன். மூன்று வாரம் அவன் கம்பைத் தொடவில்லை. பிறகு, "தாத்தாவுக்கும் ஓர் அடி சொல்லிக்கொடுடா" என்றேன். உடனே கம்பை எடுத்தான்.

நாமும் அப்படியே கேட்போம்.