சத்துப் பவுடருக்கு எதுக்குக் கடன்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சில மாதம் முன்னாடி எங்கள் குழுவில் ஒரு அக்கா 3,000 ரூபாய் உள்கடன் கேட்டார். "எதுக்குக்கா?" என்றோம். 'ஆன்டி ஆக்சிடன்ட்' பவுடர் வாங்கணுமாம். அதைக் குடிச்சா சர்க்கரை மாத்திரையையே நிறுத்திடலாம்னு விற்க வந்தவர் சொன்னாராம். அந்தப் பேருக்கு அர்த்தம் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வந்துதான் இன்று பேசுகிறேன்.

விளக்கம் நம்ம எண்ணெய் டப்பாவிலேயே இருக்கு. திறந்து வைத்த எண்ணெய் நாளானா சிக்கு வாடை அடிக்குதில்ல? காற்றில் உள்ள ஆக்சிஜன் கொழுப்பைக் கெடுப்பதால் வருவது அது. சூரியகாந்தி எண்ணெய், மத்தி மீன், ஆளிவிதை இவற்றில் 'பல்நிறைவுறாக் கொழுப்பு' அதிகம். இதயத்துக்கு நல்லது. இதில் சில வகையை நம் உடம்பு தானாகத் தயாரிக்காது, சாப்பாட்டில்தான் வரணும். ஆனா சீக்கிரம் கெடுவதும் இந்தக் கொழுப்புதான். அந்தக் கெடுதலைத் தடுக்கும் பொருளுக்குப் பேர்தான் ஆன்டி ஆக்சிடன்ட். நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம் இந்தக் கொழுப்பு இருந்தும் சட்டுனு சிக்கு அடிப்பதில்லை. எள்ளிலேயே அதற்கான காவல் இருக்கு.

காய், கீரையில் இருக்கும் காவலில் ஒன்று ஃபிளேவனாய்டு. வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் இருப்பது குவர்செட்டின். வெங்காயத்தில் வெளி அடுக்கில்தான் அது அதிகம். அதனால் காய்ந்த தோலை மட்டும் உரிங்க, சதையோடு சேர்த்து வீசாதீங்க.

அப்போ பவுடராக நிறையச் சாப்பிட்டா இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும் ஒரு ஆன்டி ஆக்சிடன்ட்தான். அதை மாத்திரையாகப் பல வருஷம் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது. சாப்பாட்டில் இருப்பது வேறு, பிரித்தெடுத்து டப்பாவில் அடைப்பது வேறு.

வடை, பஜ்ஜி போடும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. திரும்பத் திரும்பக் காய்ச்சினா எண்ணெயில் உள்ள காவல் போயிடும், கொழுப்பும் கெடும். கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்த எண்ணெயை நம்ம பிள்ளைக்குக் கொடுப்போமா? வாங்கிச் சாப்பிடுவதும் யாரோ பெத்த பிள்ளைதான்.

எங்கள் அக்கா கடன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விடவில்லை. ஆனா பக்கத்துக் குழுவில் இரண்டு பேர் அதற்குள் வாங்கிவிட்டார்கள். பவுடர் தீர்ந்துபோச்சு, தவணை தீரவில்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்படிக் கடன் மனு வந்தா, கையெழுத்துக்கு முன்னாடி குழுவில் உட்கார்ந்து பேசுங்க. டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க. நம்ம சேமிப்பு நம்ம பிள்ளைங்க படிப்புக்கும் தொழிலுக்கும் போகட்டும்.