விண்வெளிக் காவலும் நம் தெருவும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாதாளச் சாக்கடை பற்றிப் பேசி முடித்த கையோடு விண்வெளி ராணுவம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. அடைத்துக்கொள்ளும் வரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அமெரிக்கா 2019 டிசம்பரில் விண்வெளிக்கென்று தனிப் படையே தொடங்கியது. நம்மிடம் இருப்பது தனிப் படை அல்ல. முப்படைகளிலிருந்தும் ஆட்களை எடுத்து, அதே 2019-இல் பெங்களூரில் அமைத்த பாதுகாப்பு விண்வெளி முகமை. வங்கி பாஷையில் சொன்னால், மூன்று வங்கிகளிலிருந்து டெபுடேஷனில் ஆள் அனுப்பி நடத்தும் அலுவலகம்.

அந்த வருடம் மார்ச் 27 பலருக்கு நினைவிருக்கும். பிரதமர் டி.வி.யில் பேசப் போகிறார் என்றதும், ‘மறுபடியும் நோட்டு விஷயமோ’ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. விஷயம் வேறு. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய நம் செயற்கைக்கோளையே நம் ஏவுகணை அடித்து உடைத்திருந்தது. அதுதான் ‘மிஷன் சக்தி’. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நான்காவதாக நாம். பெருமைதான். ஆனால் பற்றுப் பக்கத்தையும் பார்க்க வேண்டுமே. உயரம் குறைவு என்பதால் உடைந்த துண்டுகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்தன. சீனா 2007-இல் இதையே 850 கிலோமீட்டருக்கு மேலே செய்தது. அந்த 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகளில் பெரும்பகுதி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. துண்டுக்கு நம்மவன், எதிரி என்று தெரியாது. 2021 நவம்பரில் ரஷ்யா ஒன்றை உடைத்தபோது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ரஷ்யர்களும் சேர்ந்துதான் திரும்பி வரும் கலங்களுக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று.

அதனால் இப்போதைய சண்டை அதிகமும் சத்தமில்லாமல் நடக்கிறது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு, ஒரு செயற்கைக்கோள் இணையச் சேவையின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. செயற்கைக்கோளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கை வைத்தது தரையில் இருந்த கம்ப்யூட்டர் வழியாக. சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. நம் தேனிப் பக்கக் காற்றாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் மாடியில் வீசாட் குடை இருந்தது. மழை வலுத்தால் லிங்க் போய்விடும். பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் வராந்தாவில் காத்திருப்பார்கள். ஒரு மழைக்கே இப்படி என்றால், வேண்டுமென்றே யாராவது கெடுத்தால்?

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நீங்கள் ஆட்டோ புக் செய்யும்போது வழி காட்டும் ஜி.பி.எஸ்.ஸை நடத்துவதே அந்த அமெரிக்க விண்வெளிப் படைதான். 2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்குத் தரும் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து கொடுத்தார்கள். நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். ஆரப்பாளையம் கரையில் நிற்பவரை வைகைக்குள் நிற்க வைத்துவிடும். 1999 கார்கில் சண்டை நடந்ததும் அந்தக் காலத்தில்தான்.

அதற்காகத்தான் ‘நாவிக்’ என்ற சொந்த ஏற்பாடு. 2016-க்குள் ஏழு செயற்கைக்கோள்களை நிறுத்தினோம். ஆனால் வெளிநாட்டில் வாங்கிய அணுக் கடிகாரங்கள் பழுதாயின. முதல் செயற்கைக்கோளில் மூன்றுமே போயிற்று. 2023-இல் நாமே செய்த கடிகாரத்துடன் ஒன்று போனது. 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ராக்கெட் என்று கொண்டாடி அனுப்பிய அடுத்தது, ஒரு வால்வு திறக்காததால் உரிய பாதையை அடையவில்லை.

2024 அக்டோபரில் 52 வேவு செயற்கைக்கோள்களுக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. சுமார் 27,000 கோடி ரூபாய். அதில் 31 தனியார் செய்வது. தேவைதான். ஆனால் தனிப் படை, புதுச் சீருடை என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: ஒன்று கெட்டால் எத்தனை நாளில் மாற்று அனுப்புவோம்? சொத்து வாங்குகிறவன் தேய்மானத்துக்கும் ஒதுக்க வேண்டும்.

இங்கேதான் குலசேகரன்பட்டினம் வருகிறது. தசராவுக்குப் போகிறோமே, அதே குலசைதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே எரிபொருள் தீர்ந்து, தூக்கும் எடை குறையும். குலசையிலிருந்து நேரே தெற்கே கடல். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சிறிய செயற்கைக்கோள்களைச் சீக்கிரம் அனுப்ப அதுதான் தோதான இடம் என்பது என் கணிப்பு. ராக்கெட் விடும் நாளில் அந்தக் கடலில் மீன்பிடிக்க முடியாது. அந்த நாள் கூலிக்கும் இப்போதே கணக்கெழுதி வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். 1967 ஒப்பந்தப்படி அணுகுண்டைச் சுற்றுப்பாதையில் வைக்கக் கூடாது. மற்ற சாதாரண ஆயுதங்களை அது தடுக்கவில்லை. செயற்கைக்கோளை உடைத்துச் சோதனை செய்ய மாட்டோம் என்று அமெரிக்கா 2022-இல் அறிவித்தது. நாம் இன்னும் அப்படி அறிவிக்கவில்லை. அறிவிக்கலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் டீ குடித்துக்கொண்டே பேசலாம்.