பத்துச் சக்கர லாரி எப்படித் திரும்புகிறது?



நலம் விசாரிக்கிற நாளில் டயரைப் பற்றிப் பேசுகிறானே என்று நண்பர்கள் கோபிக்கக் கூடாது. இந்தப் பத்து நிமிஷம் மாணவர்களுக்கு.

வண்டி வளைவில் திரும்புவதைக் கணக்கிட 1940-ல் ஜெர்மனியில் ரீகெர்ட், ஷுங்க் என்ற இருவர் ஓர் எளிய வழி காட்டினார்கள். ஓர் ஆக்சிலின் இடது, வலது சக்கரங்களை ஒன்றாக்கி, காரையே சைக்கிள் மாதிரி எடுத்துக்கொள்வது. காருக்கு அது அருமையாகப் பொருந்தும். பத்துச் சக்கர டாரஸ் லாரிக்கு வரும்போது, பின்னாலுள்ள இரண்டு ஆக்சிலையும் நடுவில் ஒரே ஆக்சிலாகச் சேர்த்துவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். அங்கேதான் சிக்கல்.

கார் ஊர்ந்து திரும்பும்போது நாலு சக்கரமும் ஒரே மையத்தைச் சுற்றி உருளும். பின்னால் இணையாக இரண்டு ஆக்சில் இருந்தால், அந்த மையம் இரண்டின் நேர்கோட்டிலும் எப்படி இருக்கும்? இருக்காது. ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் தேய்ந்துகொண்டேதான் திரும்பும். லோடு லாரி ஒடித்துத் திரும்பிய இடத்தில் கறுப்புத் தடம் பார்த்திருப்பீங்களே, அதுதான்.

இந்த இழுபறி வண்டியை நேராக்கவே பார்க்கும். அதை முன் டயர்தான் வெல்ல வேண்டும். முன் ஆக்சிலிலிருந்து பின் ஜோடியின் நடு வரை 5 மீட்டர், ஜோடிக்குள் இடைவெளி 1.35 மீட்டர் என்று வைப்போம். பின்னால் எட்டு டயர், முன்னால் இரண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பக்கவாட்டு விறைப்பு. கணக்கைப் போட்டால், இந்த லாரி 5.46 மீட்டர் வீல்பேஸ் உள்ள இரண்டு ஆக்சில் வண்டி மாதிரி திரும்புகிறது. ஒன்பது சதவீதம் கூடுதல். இடைவெளியை இரட்டித்தால் இந்தக் கூடுதல் நாலு மடங்காகும்.

காய்ந்த ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கூட ஒடித்தால் போச்சு. முன் சக்கரம் சேற்றில் இறங்கி, பின் ஜோடி தார் ரோட்டைப் பிடித்திருந்தால்? ஸ்டியரிங் திரும்பும், லாரி நேராகப் போகும். ஆக்சிலைச் சேர்த்துப் போட்ட கணக்கில் இந்த இழுபறியே கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் வண்டி சமர்த்தாகத் திரும்பும். பள்ளத்தில் இறங்குவது டிரைவர்தான்.

கடைசி ஆக்சிலைத் தூக்கிக்கொள்ளும் லாரிகளும் இப்போது ஓடுகின்றன. இதே அளவுள்ள வண்டியில் அதைத் தூக்கினால் இழுபறி போய்விடும், வீல்பேஸும் 4.33 மீட்டராகச் சுருங்கிவிடும். காலையில் லோடோடு ஒரு வண்டி, சாயங்காலம் காலியாக வேற வண்டி! இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடணும். சமன்பாடு வேண்டும் என்கிற மாணவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க, கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன்.