ஆசிரியர் ஊதியமும் மதிப்பும்

(திருவொற்றியூரில் நிகழ்ந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் நம் அன்பர் ஒருவர் எழுந்து, "அரசுப் பள்ளி வாத்தியார்கள் கைநிறையச் சம்பளம் வாங்குகின்றனர், பாடமோ நடத்துவதில்லை, அவர்களுக்கு இன்னும் என்ன குறை?" என்று வினவினார். சபையிற் பலர் நகைத்தனர். யாமும் நகைத்தோம். வீடு சென்று விளக்கை அணைத்த பின்னரே அவ்வினா எம்மை உறுத்தத் தொடங்கிற்று. காரியதரிசி அவர்கள் அதற்கு விடையாக ஒரு சொற்பொழிவு நிகழ்த்துமாறு பணித்தமையால் இன்று உங்கள்முன் நிற்கின்றோம்.

வாதியே சாட்சியாகவும் நிற்கும் வழக்கு இது. ஆதலின் எம் கணக்கை முதற்கண் ஒளியாது வைத்துவிடுகின்றோம். யாம் தமிழ்ப் பட்டதாரி ஆசிரியர். 2017-ஆம் ஆண்டு ஊதிய விதிகளின்படி எம் நிலையினர்க்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படியும் உண்டு. இராயபுரத்தில் மீன்கூடை சுமந்து பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார் அமர்ந்திருக்கும் இச்சபையில், எமக்கு ஊதியம் போதவில்லை என்று கூற எம் நா கூசும். எமக்குப் போதும். அன்பர் கூறியதிற் பாதி மெய்யே.

மற்றைப் பாதியை இனிக் கேண்மின்.

ஒரே பள்ளி, ஒரே வகுப்பின் இரு பிரிவுகள், இடைநிலை ஆசிரியர் இருவர். ஒருவர் 2009 மே மாதத்திற் பணியிற் சேர்ந்தார். மற்றவர் அவ்வாண்டு ஜூன் மாதத்திற் சேர்ந்தார். கல்வித்தகுதி ஒன்று, பாடநூல் ஒன்று, பிள்ளைகள் அதே தெருப் பிள்ளைகள். ஆயினும் 2009 ஜூன் முதல் நாளுக்கு முன் சேர்ந்தவர்க்கு அடிப்படை ஊதியம் 8,370, தர ஊதியம் 2,800, ஆக 11,170 ரூபாய் என்றும், அந்நாள் முதற் சேர்ந்தவர்க்கு 5,200-உம் 2,800-உம் சேர்ந்து 8,000 ரூபாய் என்றும் வகுக்கப்பட்டது. வேறுபாடு 3,170 ரூபாய். ஒரு நாள் பிந்திச் சேர்ந்தவர்க்கும் இதுவே கதி. 2017-இல் ஊதியத்தை 2.57-ஆற் பெருக்கியபோது அவ்வேறுபாடும் உடன் பெருகி எண்ணாயிரத்தைக் கடந்தது. விதை சிறிதாயினும் வட்டி போட்டு வளரும் அநீதி இது. இவ்வாசிரியர்கள் 2018 டிசம்பரிலும், 2022 டிசம்பரிலும், 2023 செப்டம்பர் இறுதியிலும் நுங்கம்பாக்கத்துக் கல்வி வளாகத்திற் கூடி, "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று உண்ணாநோன்பிருந்தனர். கைக்குழந்தையோடு வந்து வெறுந்தரையிற் படுத்த ஆசிரியைகளும் அவருள் இருந்தனர். 2023 புத்தாண்டு நாளில் இதனை ஆராய மூவர் குழு ஒன்று அறிவிக்கப்பட்டது.

அவர்களேனும் நிலையான பணியினர். அவர்க்கும் கீழே ஒரு படி உண்டு. 2012-இல் ஓவியம், உடற்பயிற்சி, தையல், இசை, கணினி முதலியன கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் தமிழ்நாடெங்கும் நியமிக்கப்பட்டனர். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். அது சிறிது சிறிதாக உயர்ந்து 2024-இல் 12,500 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் அரிசியும் வாடகையும் ஏறிய ஏற்றத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மே மாதம் பள்ளிக்கு விடுமுறை. அம்மாதத்திற்கு அவர்க்குச் சம்பளம் இல்லை என்பதே நெடுங்கால முறைப்பாடாய் இருந்தது. வயிற்றுக்கும் கோடை விடுமுறை உண்டெனக் கருதினர் போலும்!

பின்னும் 2022-இல், காலியாய்க் கிடந்த பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வாயிலாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்தினர். இடைநிலை ஆசிரியர்க்கு 7,500, பட்டதாரி ஆசிரியர்க்கு 10,000, முதுகலை ஆசிரியர்க்கு 12,000 ரூபாய் என முதலில் விதித்துப் பின்னர் 12,000, 15,000, 18,000 என உயர்த்தினர். பன்னிரண்டாம் வகுப்பை அரசுத் தேர்வுக்கு அணியப்படுத்தும் முதுகலை ஆசிரியர், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பெறுவதிற் பாதியையும் பெறாமலே அவ்வேலையைச் செய்தனர்.

வடசென்னையில் வாழும் நமக்கு இதனை விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை. எண்ணூரிலும் மணலியிலும் ஒரே எந்திரத்தின் இருபுறமும் நிரந்தரத் தொழிலாளி ஒருவரும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரும் நின்று வேலை செய்வதை நம் வீடுகள் அறியும். ஒருவர்க்குப் போனசும் வைப்புநிதியும், மற்றவர்க்கு நாட்கூலி. நம் பிள்ளைகள் அவ்வேலைக்குச் செல்லும்போது கொதிக்கின்றோம். அம்முறையே கரும்பலகைக்கு முன்னும் வந்து நிற்பதை மட்டும் ஏனோ காணாதிருக்கின்றோம். ஈண்டு ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிற்சங்கம் எழுந்தபோது அதன் முன்னணியில் நின்றவருள் ஒருவர் திரு.வி.க. அவர், அதற்குச் சில மாதங்கட்கு முன்வரை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தவர். வாத்தியாருக்கும் கூலியாளுக்கும் உள்ள உறவை அன்றே உணர்ந்த பெருந்தகை அவர்.

இக்குறை புதிதன்று. இராயபுரத்திலிருந்து அண்ணாசாலை நோக்கிச் செல்வோர், தீவுத்திடலருகே சேணமின்றிக் குதிரைமேல் வீற்றிருக்கும் மன்றோவின் சிலையைக் கண்டிருப்பர். சென்னை ஆளுநராகிய அவர் 1822-இல் இம்மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் உளர் எனத் தெரிந்தது. 1826-இல் எழுதிய குறிப்பில், ஆசிரியர் ஈட்டுவது பெரும்பாலும் மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேற்படவில்லை என்றும், தக்கோரை இத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாதென்றும் தெளிவாகக் கூறினார். கலெக்டர் பள்ளி ஆசிரியர்க்குப் பதினைந்து ரூபாயும் தாசில்தார் பள்ளி ஆசிரியர்க்கு ஒன்பது ரூபாயும் அரசே தரவேண்டும் என்பது அவர் திட்டம். அடுத்த ஆண்டே அவர் வாந்திபேதியால் மாண்டார்.

அதற்கு முன்னரே நம் ஊர் வேறொரு பாடத்தைக் கடல் கடந்து அனுப்பியிருந்தது. ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் பள்ளியை மேற்பார்த்து வந்தார். மூத்த மாணவனைக் கொண்டே இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறையை ஒத்த ஒரு முறையை அவர் 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்று அஃது இங்கிலாந்தெங்கும் பரவியது. பரவியதற்குக் காரணம் யாது? ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடக்கிவிடலாம் என்னும் சிக்கனமே பெருங்காரணம். ‘மலிவான வாத்தியார்’ என்னும் சரக்கைச் சென்னைப் பட்டினம் ஏற்றுமதி செய்த கதை இது. இதிற் பெருமைப்படுவதா நாணுவதா என்பதை எம்மால் இன்றளவும் முடிவு செய்ய இயலவில்லை.

ஆசிரியப்பணி அறப்பணி, அதிற் பொருளைப் பேசலாமோ என்று வினவுவார் சிலர் நம்முள்ளும் உளர். அவர்க்கு நன்னூலைக் காட்டுவோம். பவணந்தி முனிவர் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட அந்நூலை இயற்றினார். அதன் பொதுப்பாயிரத்தில், எவர்க்கெல்லாம் பாடம் சொல்லலாம் என எண்ணும்போது, தன் மகன், ஆசான் மகன், அரசன் மகன் என்பவரோடு மிகுந்த பொருள் கொடுப்பவனையும் சேர்த்தே எண்ணுகின்றார். துறவியாகிய அவருக்கே அதனைச் சொல்ல நாணமில்லை. நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை சொல்லி, ஆசிரியர் ஆகாதார்க்கு முடத்தெங்கை உவமை சொன்னவரும் அவரே. ஒருவன் நீர் வார்த்து வளர்க்க, அயலான் தோட்டத்திற் சாய்ந்து காய் உதிர்க்கும் தென்னை அது. எமக்கோர் ஐயம்: நம் பள்ளியில் நம் வரிப்பணத்தில் வளர்ந்து, சம்பளம் போதாமையால் வேறு தொழிலுக்கு ஓடிவிடும் அறிவுடைய இளைஞரும் முடத்தெங்குதானே? அவரைச் சாய்த்த காற்று எது என்பதையும் ஆராயவேண்டும்.

சம்பளம் ஒருபுறம் இருக்க, மதிப்பைக் கூறுவோம்.

2003-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியரும் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் பெற்றனர். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என உச்சநீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் உரைத்தது. பின்னர்ப் பெரும்பாலோர் பணிக்கு மீண்டனர். அதனினும் எம் நெஞ்சில் நிற்பது, அந்நாளில் தெருவில் எழுந்த "நன்றாக வேண்டும் இவர்களுக்கு" என்ற குரல். 2025 செப்டம்பர் முதல் நாளன்று வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்போ, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர் யாவரும் இரண்டாண்டுக்குள் தகுதித்தேர்வு எழுதித் தேறவேண்டும் என்றது. இருபது ஆண்டு கற்பித்த ஐம்பது வயது ஆசிரியை தம் மகளோடு ஒரே மேசையில் அமர்ந்து அத்தேர்வுக்குப் படிப்பதை யாம் நேரிற் கண்டோம். தகுதி வேண்டாம் என்பார் எவருமிலர். இத்தனை ஆண்டு வகுப்பறையில் நின்ற நிலைக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லையே என்பதே அவர் வருத்தம்.

இனிப் பாடத்திற்கு அப்பாற்பட்ட வேலைகள். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தற்பணி என்னும் இவற்றுக்கன்றி வேறெதற்கும் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கின்றது. அம்மூன்றுமே சிறுசுமையன்று. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் திருத்தம் நடந்தபோது, படிவமும் கையுமாய்க் குப்பந்தோறும் மாடிதோறும் ஏறி இறங்கியவர் யாவர்? பலர் ஆசிரியரே. அது முடிந்து வந்தால் ‘எமிஸ்’ இணையதளத்திற் பிள்ளைகளின் விவரங்களைப் பதியவேண்டும். எழுவாய் பயனிலை கற்பிக்க வேண்டிய நேரத்தில் யாம் கைப்பேசியில் வலை கிடைக்குமோ எனச் சன்னலோரம் நின்றோம்.

எம் பக்கத்துக் குற்றத்தையும் மறைப்பதற்கில்லை. நேரந்தவறி வருவோர், பாடம் நடத்தாது வட்டித்தொழில் நடத்துவோர் எம்முள் உளர். அன்பர் கூறியது அவரைக் குறித்தாயின் எமக்கு மறுப்பில்லை. ஆனால் 2023 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். புயல்வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கருகின. அம்மாத இறுதியில் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து பெரியகுப்பத்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினர். ஜனவரியிற் பள்ளி திறந்தபோது எம் வகுப்பிற் பல இருக்கைகள் வெறுமையாய் இருந்தன. பிள்ளைகளைத் தேடி வீடுவீடாகச் சென்று அழைத்து வந்தவர்களுள் ஒருவர் எம் பள்ளியின் பகுதிநேர ஓவிய ஆசிரியை. அன்று அவர்க்கு வேலைநாள் அன்று. ஆட்டோவுக்குத் தம் கைப்பணத்தையே கொடுத்தார். அதனைத் திருப்பிக் கொடுக்க எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் இல்லை.

பெரியோர்களே! இவ்வளவும் அரசினரை நோக்கிச் சொன்னோம். அரசினர் இக்கூட்டத்திற்கு வரவில்லை, வந்திருப்பவர் நாமே. ஆகவே நம் வீட்டுக் கணக்கையும் எடுக்கின்றோம்.

நம் சங்கம் நடத்தும் மாலைப் பாடசாலையில் ஆசிரியைகள் மூவர் உளர். மூவரும் நம் குலத்துப் பெண்கள், பி.எட். தேறியவர்கள். அவருள் ஒருத்தியின் தந்தை காசிமேட்டிலிருந்து கடலுக்குச் செல்பவர். மீன்பிடித் தடைக்காலமாகிய 61 நாளும் அவ்வீட்டில் அடுப்பு எரிவது அப்பெண்ணின் சம்பளத்தால். அச்சம்பளம் எவ்வளவு? மாதம் 3,000 ரூபாய். ஏப்ரல், மே மாதங்களுக்கு அதுவும் இல்லை. தடைக்காலத்தின் பெரும்பகுதி அம்மாதங்களில்தான் வருகின்றது. மூவர்க்கும் சேர்த்து நாம் ஆண்டுக்குக் கொடுப்பது 90,000 ரூபாய். சென்ற ஆண்டுவிழாவிற் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வரவேற்புப் பலகைகளுக்கும் நாம் செலவிட்டது 1,40,000 ரூபாய். வரவுசெலவு அறிக்கை உங்கள் கையில் உள்ளது.

அந்த மூவாயிரத்தை விதித்த குழுவில் யாமும் ஓர் உறுப்பினர். "பெண்பிள்ளைகள்தாமே, மாலை இரண்டு மணி நேரந்தானே, இது போதும்" என ஒருவர் கூற, யாம் மறுக்காது கையெழுத்திட்டோம். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ எனப் பிற மேடைகளில் முழங்கிய கையே அக்கையெழுத்தையும் இட்டது. சென்ற கூட்டத்து நகைப்பு எம்மை உறங்கவிடாது உறுத்தியதற்குக் காரணம் இதுவே. அப்பெண்கள் மூவரும் இன்று பின்வரிசையில் அமர்ந்துள்ளனர். அவர்முன் இதனைக் கூறுதல் எமக்கு எளிதாய் இல்லை.

ஆகவே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவருகின்றோம். வருகின்ற ஜூன் முதல் மாலைப் பாடசாலை ஆசிரியைகள் ஒவ்வொருவர்க்கும் மாதம் 6,000 ரூபாய் வழங்குக. பன்னிரண்டு மாதமும் வழங்குக. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் நாளுக்குள் வழங்குக. இதற்கு ஆண்டொன்றுக்கு 2,16,000 ரூபாய் வேண்டும், மிகைச்செலவு 1,26,000. விழாச்செலவைப் பாதியாக்கினால் 70,000 கிடைக்கும். எஞ்சிய 56,000 ரூபாய்க்கு உறுப்பினர் நன்கொடை வேண்டும். எம் பங்காக 6,000 ரூபாயைப் பொருளாளரிடம் இப்போதே அளிக்கின்றோம். தீர்மானத்தை வழிமொழிவார் எழுக.