சிறுநீரக ஜாபிதாவும் நம் குடும்பங்களும்

(அக்காள்மடத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் இரண்டு மூன்று முறை பாம்பன் பாலங் கடந்து இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களை நாம் யாவரும் அறிவோம். அவ்வீடுகளில் வள்ளமும் வலையும் நகையும் எங்கே போயின என்பதை விஸ்தரிக்க வேண்டுவதில்லை.

உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994ஆம் வருஷத்துச் சட்டத்தால் குற்றமாயின. ஆயினும் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளிகள் கடன் தீர்க்கச் சிறுநீரகம் விற்ற சமாசாரம் 2025இல் வெளிவந்தது. தரகன் பிழைப்பதற்கு வறுமை ஒரு காரணம். மற்றொன்று, நேர்வழியில் காத்திருப்பவனுக்குத் தன் நிலைமை தெரியாத இருட்டு.

மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பங்கிடும் ஏற்பாடு நம் ராஜ்யத்தில் 2008இல் தொடங்கிற்று. இப்போது அதனைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. எத்தனை பேர் காத்திருக்கின்றனர் என்ற தொகை இணையதளத்தில் வெளியாகிறது. நல்லதே. ஆனால் தொகையை அறிந்து ஒரு நோயாளி என் செய்வான்?

ஐந்தாவது நிற்பவரை விட்டு ஒன்பதாமவருக்குச் சிறுநீரகம் போகலாம். அதில் மோசம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. இரத்தவகை பொருந்தாதிருக்கலாம், குறுக்குப் பரிசோதனையில் இரத்தம் ஒவ்வாதிருக்கலாம், ஜுரமோ தொற்றோ கண்டவரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கலாம். காரணம் சொல்லாவிடில் சந்தேகமே விளையும். 2018இல், அந்நிய தேசத்தாருக்கு இருதயங்கள் முந்திப் போயின என்று நம் ராஜ்யத்தில் பெரும் புகார் எழுந்தது. அத்தகைய பேச்சு கிளம்பினால் தானஞ் செய்ய நினைத்த குடும்பமும் பின்வாங்கும்.

ஆகவே ஒவ்வொரு பங்கீட்டிலும் யார் தகுதி பெற்றார், யார் தாண்டப்பட்டார், ஏன் என்பது பகிரங்கமாக வேண்டும் என்கிறோம். பெயர் வேண்டாம், பதிவு எண் போதும். கலியாணமாகாத பெண்ணின் வியாதியை ஊரறியச் செய்வானேன் என்று தாய்மார் கேட்பது நியாயமே.

அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. பதிவு செய்தவர்கள் தங்கள் மருத்துவமனையில் பதிவு எண்ணையும், ஜாபிதாவில் பெயர் நடப்பில் உளதா என்பதையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுக. அறுபத்தைந்து வயது கடந்தவர், வேறு ராஜ்யத்தார் என்ற தடைகளை மத்திய அரசாங்கம் 2023 பிப்ரவரியில் நீக்கிவிட்டது, அதனை எடுத்துரைக்கலாம். நம் வாலிபர்கள் எழுத்தறியாதாருடன் மதுரைக்குக் கூடப் போகட்டும். முக்கியமாக, ஜுரத்தால் நிறுத்தப்பட்ட பெயர், ஜுரம் தணிந்தபின் மீண்டும் சேர்க்கப்பட்டதா என்று கேளுங்கள்.