பெயருக்குள் ஒரு ஆல்பம்
புதிதாக போட்டோ ஸ்டூடியோ திறப்பவருக்கு, கேமரா வாங்குவதைவிடப் பெயர் வைப்பதுதான் பெரும்பாடு.

1888-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் கேமராவுக்கு 'கோடக்' என்று பெயர் வைத்தார். அர்த்தமே இல்லாத சொல். சின்னதாக இருக்க வேண்டும், யாரும் தப்பாக உச்சரிக்கக் கூடாது, வேறெதோடும் குழம்பக் கூடாது. இதுதான் அவர் கணக்கு.

அர்த்தமுள்ள பெயர் வேண்டுமென்றால், நம் ஜவ்வாது மலையடிவாரத்துக்கு வாருங்கள். சம்புவராய மன்னர்களின் படைவீடு, மக்கள் வாயில் 'படவேடு' ஆனது. அங்குள்ள ரேணுகாம்பாள் கோயில் வாசலில் நின்று அந்தப் பெயரைப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்: பட ஏடு. படங்களின் ஏடு, அதாவது ஆல்பம்! அங்கே ஸ்டூடியோ திறப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா?

பெயர் தேடுபவர்களே, முதலில் உங்கள் ஊர்ப் பலகையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.